பாட் போனாலும் டேட்டா போகக்கூடாது: இகேஎஸ் கிளஸ்டரில் போஸ்ட்கிரெஸுக்கு நிலையான வால்யூம் அமைப்பது எப்படி

கண்டெய்னருக்குள் எழுதுவதெல்லாம் அந்தக் கண்டெய்னர் இருக்கும்வரைதான். வேறு இடம் எதுவும் நாம் காட்டாவிட்டால், டேட்டாபேஸ் தன் கோப்புகளைக் கண்டெய்னரோடு பிறந்து கண்டெய்னரோடு அழியும் ஓர் அடுக்கில்தான் எழுதிவைக்கும். கண்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னட்டீஸில் 'எம்ப்டிடிர்' என்ற வால்யூம் (சேமிப்பிடம்) இருக்கிறது. கண்டெய்னர் ரீஸ்டார்ட் ஆனால் அது தாங்கும், கண்டெய்னரைச் சுமக்கும் அலகான பாட் நீக்கப்பட்டால் கூடவே போய்விடும். 'ஹோஸ்ட்பாத்' நோடின், அதாவது பாட் ஓடும் இயந்திரத்தின், வட்டிலேயே எழுதும். பாட் அடுத்த நோடுக்கு நகர்ந்தால் அங்கே காலி டைரக்டரிதான் காத்திருக்கும். ஆகவே டேட்டா இருக்க வேண்டிய இடம் பாடுக்கும் வெளியே, நோடுக்கும் வெளியே. பாட் எங்கே போனாலும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் தனி வட்டு அது.

இந்த வழிகாட்டியில் ஒரே ஓர் அமைப்பைத்தான் முழுமையாகப் பார்க்கிறோம்: அமேசான் கிளவுடின் குபெர்னட்டீஸ் சேவையான இகேஎஸ்ஸில் ஒரு கிளஸ்டர் (நோடுகளின் தொகுப்பு), அதில் போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ், அதற்கு 20 ஜிபி அளவில் இபிஎஸ் (அமேசானின் வட்டுச் சேவை) வால்யூம். இடத்துக்கு உதாரணமாக மும்பை ரீஜனை வைத்துக்கொள்வோம். வேறு கிளவுடில் டிரைவரின் பெயரும் அனுமதி கொடுக்கும் முறையும் மாறும், மற்ற தர்க்கமெல்லாம் இதேதான்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும். வால்யூம் வந்து சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலரும் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் முதல் வரி டேட்டா எழுதப்படும் முன் எடுக்க வேண்டிய முடிவுகள் சில இருக்கின்றன. அவற்றில் பலவற்றைப் பின்னால் மாற்ற முடியாது, மாற்ற முடிந்தாலும் டேட்டாபேஸை நிறுத்தித்தான் மாற்ற வேண்டியிருக்கும். அந்த முடிவுகள் எல்லாம் இரண்டாம் படியில் வருகின்றன. அங்கே அவசரப்படாதீர்கள்.

தொடங்கும் முன்

உங்கள் கணினியில் கியூப்சிடிஎல், இகேஎஸ்சிடிஎல், அமேசானின் கமாண்ட் லைன் கருவி மூன்றும் இருக்க வேண்டும். கிளஸ்டரின் நோடுகள் இசி2 (அமேசானின் வாடகை சர்வர்) இயந்திரங்களாக இருக்க வேண்டும். நோடுகளை நாம் நிர்வகிக்காத ஃபார்கேட் முறையில் ஓடும் பாடுகளில் இபிஎஸ் வால்யூமை மவுண்ட் செய்ய முடியாது.

மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். பெர்சிஸ்டன்ட் வால்யூம், சுருக்கமாகப் பிவி, என்பது உண்மையான வட்டைக் குறிக்கும் பதிவு. பெர்சிஸ்டன்ட் வால்யூம் கிளெய்ம், அதாவது பிவிசி, என்பது 'எனக்கு 20 ஜிபி வேண்டும்' என்று பாட் சார்பில் போடும் விண்ணப்பம். அந்த விண்ணப்பத்துக்கு எந்த வகை வட்டை, எந்த விதிகளோடு உருவாக்கித் தர வேண்டும் என்பதைச் சொல்வது ஸ்டோரேஜ் கிளாஸ். நீங்கள் கையால் எழுதப்போவது ஸ்டோரேஜ் கிளாஸையும் பிவிசியையும் மட்டும். பிவி தானாக உருவாகும்.

படி 1: டிரைவரும் அனுமதியும்

குபெர்னட்டீஸ் 1.23 முதல், இகேஎஸ்ஸில் இபிஎஸ் வால்யூம் வேலை செய்ய இபிஎஸ் சிஎஸ்ஐ டிரைவரை (வட்டை உருவாக்கிப் பாடோடு இணைக்கும் மென்பொருள்) தனியாக நிறுவ வேண்டும். கிளஸ்டரோடு அது தானாக வராது. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். பிவிசி போடுவார்கள், அது 'பெண்டிங்' நிலையிலேயே நிற்கும், அமைப்புகளை எழுதிய யாமல் கோப்பைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்கள். கோளாறு யாமலில் இருக்காது, விண்ணப்பத்தை வாங்கிச் செயல்படுத்த ஆள் இல்லாததுதான் காரணம்.

டிரைவரை இகேஎஸ் ஆட்-ஆனாக நிறுவுவது நல்லது. பதிப்பை உயர்த்தும் வேலை எளிதாகும். நிறுவும்போது அதற்கு ஐஏஎம் ரோல் (அமேசானில் அனுமதிகளின் தொகுப்பு) ஒன்று கொடுக்க வேண்டும். வால்யூம் உருவாக்க, இணைக்க, நீக்கத் தேவையான அனுமதிகள் எல்லாம் அமேசான் தயாராக வைத்திருக்கும் 'அமேசான் இபிஎஸ் சிஎஸ்ஐ டிரைவர் பாலிசி'யில் இருக்கின்றன. அந்தப் பாலிசியை ரோலில் சேர்த்து, கியூப்-சிஸ்டம் நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பிரித்துவைத்த ஒரு பகுதி) உள்ள 'இபிஎஸ்-சிஎஸ்ஐ-கண்ட்ரோலர்-எஸ்ஏ' என்ற சர்வீஸ் அக்கவுண்டோடு (பாடுகள் தம்மை அடையாளம் காட்டும் கணக்கு) இணைக்க வேண்டும். இணைக்க இரண்டு வழிகள்: பாட் ஐடென்டிட்டி, அல்லது ஓஐடிசி வழியாகச் செல்லும் பழைய முறை. புதிய கிளஸ்டரில் பாட் ஐடென்டிட்டியைத் தேர்ந்தெடுங்கள், அமைக்க வேண்டியவை குறைவு. ஆனால் அதற்கு பாட் ஐடென்டிட்டி ஏஜென்ட் ஆட்-ஆனும் கிளஸ்டரில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

நிறுவியதும் கியூப்-சிஸ்டமில் உள்ள பாடுகளைப் பாருங்கள். 'இபிஎஸ்-சிஎஸ்ஐ-கண்ட்ரோலர்' பாடுகளும், ஒவ்வொரு நோடிலும் ஒரு 'இபிஎஸ்-சிஎஸ்ஐ-நோட்' பாடும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கண்ட்ரோலர் ஓடியும் வால்யூம் உருவாகாவிட்டால் பிவிசியை 'டிஸ்கிரைப்' செய்து கீழே வரும் ஈவென்டுகளைப் படியுங்கள். 'அன்ஆதரைஸ்டு' என்றோ 'அசியூம்ரோல்' என்றோ சொற்கள் தெரிந்தால் ரோலைச் சரியாக இணைக்கவில்லை என்று பொருள். வட்டைக் குறியாக்கம் செய்ய, அமேசானின் சாவி சேவையான கேஎம்எஸ்ஸில் நீங்களே உருவாக்கிய சாவியைப் பயன்படுத்தினால், அந்தச் சாவிக்கான அனுமதியையும் இதே ரோலில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இகேஎஸ் ஆட்டோ மோடில் கிளஸ்டர் உருவாக்கியவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். வட்டு வசதி அதில் உள்ளேயே வருகிறது. ஆனால் அதன் ப்ரொவிஷனர் (வட்டை உருவாக்கித் தரும் டிரைவர்) பெயர் வேறு, 'இபிஎஸ்.சிஎஸ்ஐ.இகேஎஸ்.அமேசான்ஏடபிள்யூஎஸ்.காம்' என்று நீளும். அடுத்த படியில் இந்தப் பெயரைத்தான் போட வேண்டும்.

படி 2: ஸ்டோரேஜ் கிளாஸ்

இகேஎஸ் கிளஸ்டரில் 'ஜிபி2' என்ற ஸ்டோரேஜ் கிளாஸ் ஏற்கெனவே இருக்கலாம். அதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். 1.30 பதிப்பிலிருந்து புதிதாக உருவாகும் கிளஸ்டர்களில் அது டிஃபால்ட்டாகக் குறிக்கப்படுவதும் இல்லை. பழைய கட்டுரைகளைப் பார்த்து, ஸ்டோரேஜ் கிளாஸின் பெயர் இல்லாமல் எழுதிய பிவிசிகள் இப்போது பெண்டிங்கில் நிற்க இதுவே காரணம். சொந்தமாக ஒன்று எழுதுங்கள். பெயர் 'ஜிபி3-ரிடெய்ன்' என்று இருக்கட்டும், பார்த்தவுடன் தன்மை விளங்கும். ப்ரொவிஷனர் 'இபிஎஸ்.சிஎஸ்ஐ.ஏடபிள்யூஎஸ்.காம்'. மற்ற வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

*டைப்: ஜிபி3.* ஜிபி3 வால்யூம் எவ்வளவு சிறியதானாலும் அடிப்படையாக 3,000 ஐஓபிஎஸ் (நொடிக்குப் படிக்கும், எழுதும் முறைகள்), நொடிக்கு 125 எம்பி வேகம் கிடைக்கும். ஜிபி2-வில் வேகம் அளவைப் பொறுத்தது. ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ், குறைந்தபட்சம் 100. அப்படியானால் நம் 20 ஜிபி வால்யூமுக்கு நிலையாகக் கிடைப்பது 100 மட்டுமே. சேர்த்துவைத்த கிரெடிட் இருக்கும்வரை 3,000 வரை எகிறும், கிரெடிட் தீர்ந்ததும் டேட்டாபேஸ் திடீரென்று தவழத் தொடங்கும். காலையில் வேகமாக இருந்து மதியம் மந்தமாகும் டேட்டாபேஸ்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. ஜிபி3 ஒரு ஜிபிக்கான விலையிலும் ஜிபி2-வை விடக் குறைவு, ஆகவே தயங்க ஏதும் இல்லை.

*வால்யூம்பைண்டிங்மோட்: வெயிட்ஃபார்ஃபர்ஸ்ட்கன்ஸ்யூமர்.* இபிஎஸ் வால்யூம் ஓர் அவைலபிலிட்டி ஸோனுக்குள் (ரீஜனுக்குள் தனித்து இயங்கும் ஒரு பகுதி) அடங்கியது. மும்பையின் 'ஏ' ஸோனில் உருவான வட்டை 'பி' ஸோனில் உள்ள நோடோடு இணைக்க முடியாது. இந்த வரியை எழுதாமல் விட்டால் மதிப்பு 'இமீடியட்' ஆகிவிடும். பிவிசி போட்ட மறுகணம், பாட் எங்கே ஓடப்போகிறது என்று தெரியாமலேயே ஏதோ ஒரு ஸோனில் வட்டு உருவாகும். பிறகு அந்த ஸோனில் பாடுக்கு இடம் இல்லை என்றால் இரண்டும் சேரவே முடியாது. வெயிட்ஃபார்ஃபர்ஸ்ட்கன்ஸ்யூமர் என்று எழுதினால், பாட் எந்த நோடுக்கு என்று ஷெட்யூலர் தீர்மானித்த பிறகே அந்த நோடின் ஸோனில் வட்டு உருவாகும். பாட் வரும்வரை பிவிசி பெண்டிங்கில் நிற்பது இந்த முறையில் இயல்பு. 'வெயிட்டிங் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்' என்ற ஈவென்டைக் கண்டு பதற வேண்டாம்.

*ரிக்ளெய்ம்பாலிசி: ரிடெய்ன்.* எழுதாமல் விட்டால் 'டிலீட்' என்று ஆகும். அப்போது யாராவது பிவிசியை அழித்தால் பின்னால் இருக்கும் உண்மையான வட்டும் அழியும். நேம்ஸ்பேஸை அழித்தாலும் அதனுள் இருக்கும் பிவிசிகள் அழியும், வட்டுகளும் கூடவே போகும். சோதனைச் சூழலில் டிலீட் இருக்கட்டும். மனிதர்களின் டேட்டா இருக்கும் இடத்தில் ரிடெய்ன் தவிர வேறெதையும் வைக்காதீர்கள். ஏற்கெனவே டிலீட்டோடு உருவான பிவி இருந்தால், அந்தப் பிவியையே 'பேட்ச்' செய்து ரிடெய்ன் ஆக்கலாம். பின்னால் எளிதாக மாற்றக்கூடிய அமைப்பு இது, இன்றே மாற்றிவிடுங்கள்.

*அலவ்வால்யூம்எக்ஸ்பான்ஷன்: ட்ரூ.* வட்டை வளர்க்க அனுமதி. இதை வைக்காமலிருக்க ஒரு காரணமும் இல்லை. வளர்க்க மட்டுமே முடியும், சுருக்க முடியாது. ஆகவே '500 ஜிபி போட்டுவிடுவோம், இருந்துவிட்டுப் போகட்டும்' என்று தொடங்குவது தவறு. பயன்படுத்திய அளவுக்கு அல்ல, ஒதுக்கிய அளவுக்குத்தான் பில் வரும்.

*என்கிரிப்டெட்: "ட்ரூ".* பேராமீட்டர்ஸ் பகுதியில் வரும் இந்த மதிப்பை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும், இல்லாவிட்டால் யாமல் அதைச் சரமாக ஏற்காது. குறியாக்கம் இல்லாமல் உருவான வால்யூமை இருந்த இடத்திலேயே குறியாக்கம் செய்ய வழியில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து புதிய வால்யூம் உருவாக்கி மாற வேண்டும்.

ஸ்டோரேஜ் கிளாஸின் பேராமீட்டர்ஸ், ரிக்ளெய்ம்பாலிசி போன்ற வரிகளை உருவாக்கிய பிறகு திருத்த முடியாது. நீக்கிவிட்டு மீண்டும் உருவாக்கலாம். ஏற்கெனவே உருவான வட்டுகளை அது தொடாது, பழைய விதியோடுதான் அவை இருக்கும்.

படி 3: ஸ்டேட்ஃபுல்செட்

பாடுகளை உருவாக்கிப் பார்த்துக்கொள்ள குபெர்னட்டீஸில் உள்ள வழிகளில் இரண்டு, டிப்ளாய்மென்டும் ஸ்டேட்ஃபுல்செட்டும். டேட்டாபேஸை டிப்ளாய்மென்டாக ஓட்டலாம் என்றாலும் ஸ்டேட்ஃபுல்செட்தான் பொருத்தம். டிப்ளாய்மென்ட் புதுப்பிக்கும்போது புதிய பாடை எழுப்பிவிட்டுத்தான் பழையதை நிறுத்தும். ஒரே நோடில் மட்டும் இணையக்கூடிய வட்டை இரண்டு பாடுகள் இழுத்துக்கொள்ளும், 'மல்ட்டி-அட்டாச்' பிழை வரும். டிப்ளாய்மென்டையே பயன்படுத்தியாக வேண்டுமென்றால் ஸ்ட்ராட்டஜியை 'ரீகிரியேட்' ஆக்குங்கள்.

ஸ்டேட்ஃபுல்செட்டுக்கு 'போஸ்ட்கிரெஸ்' என்றும், அதன் வால்யூம்கிளெய்ம்டெம்ப்ளேட்ஸ் பகுதியில் 'டேட்டா' என்றும் பெயர் வைத்தால், உருவாகும் பிவிசியின் பெயர் 'டேட்டா-போஸ்ட்கிரெஸ்-0'. டெம்ப்ளேட்டில் ஸ்டோரேஜ்கிளாஸ்நேம் 'ஜிபி3-ரிடெய்ன்', அளவு 20 ஜிஐ, ஆக்சஸ்மோட் 'ரீட்ரைட்ஒன்ஸ்பாட்'. பழைய உதாரணங்களில் வரும் 'ரீட்ரைட்ஒன்ஸ்' ஒரு நோடுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தும். அதே நோடில் இரண்டு பாடுகள் அந்த வட்டில் எழுதுவதைத் தடுக்காது. ரீட்ரைட்ஒன்ஸ்பாட் ஒரே பாடுக்கு என்று இறுக்கும், டேட்டாபேஸுக்கு வேண்டியது அதுதான். குபெர்னட்டீஸ் 1.29-இல் அது நிலைபெற்ற வசதியாகிவிட்டது.

இனி போஸ்ட்கிரெஸுக்கே உரிய மூன்று சிக்கல்கள்.

புதிய வட்டை டிரைவர் எக்ஸ்ட்4 ஆக வடிவமைக்கும்போது அதன் வேரில் 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்ற டைரக்டரி உருவாகும். டேட்டாபேஸை முதன்முதலில் உருவாக்கும் போஸ்ட்கிரெஸின் 'இனிட்-டிபி' நிரல் தன் டைரக்டரி காலியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். காலியாக இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும், பாட் கிராஷ்லூப்பில் சுற்றும். தீர்வு: வட்டை '/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/டேட்டா'வில் மவுண்ட் செய்துவிட்டு, 'பிஜிடேட்டா' என்ற சூழல் மாறியை அதற்குள் இன்னொரு துணை டைரக்டரிக்கு, உதாரணமாக '/வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/டேட்டா/பிஜிடேட்டா'வுக்குத் திருப்பி விடுங்கள்.

இரண்டாவது, உரிமை. டெபியன் அடிப்படையிலான அதிகாரப்பூர்வ இமேஜில் போஸ்ட்கிரெஸ் பயனரின் எண் 999, ஆல்பைன் இமேஜில் 70. பாடின் செக்யூரிட்டிகான்டெக்ஸ்ட் பகுதியில் எஃப்எஸ்குரூப்பாக அந்த எண்ணைக் கொடுங்கள். கூடவே 'எஃப்எஸ்குரூப்சேஞ்ச்பாலிசி: ஆன்ரூட்மிஸ்மேட்ச்' என்று எழுதுங்கள். இல்லையென்றால் பாட் எழும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளின் உரிமையும் ஒன்று விடாமல் சரிபார்க்கப்படும். பல லட்சம் கோப்புகள் சேர்ந்த பிறகு பாட் எழ நெடுநேரம் ஆகும், காரணம் எதுவும் வெளியே தெரியாது. டெபியன் இமேஜிலிருந்து ஆல்பைனுக்கு நடுவில் மாறாதீர்கள். எண் மட்டுமல்ல, எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியும் மாறுவதால் இண்டெக்ஸ்கள் பழுதாகலாம்.

மூன்றாவது, இமேஜின் டேகில் 'லேட்டஸ்ட்' வேண்டவே வேண்டாம். '16' என்று எழுதுங்கள். ஒரு பெரிய பதிப்பின் டேட்டா கோப்புகளை அடுத்த பெரிய பதிப்பு நேரடியாகத் திறக்காது. பதிப்பு 18-இன் இமேஜில் டேட்டா டைரக்டரியின் இயல்பான இடமே மாறிவிட்டது. பழைய மவுண்ட் பாதை அங்கே பொருந்தாது.

ரெப்ளிகாஸ் 1 ஆகவே இருக்கட்டும். 3 என்று மாற்றினால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று டேட்டாபேஸ்கள், மூன்று தனித்தனி வட்டுகளோடு கிடைக்கும். பிரதியெடுக்கும் வேலையை ஸ்டேட்ஃபுல்செட் செய்வதில்லை. அது வேண்டுமென்றால் கிளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஆபரேட்டரை (டேட்டாபேஸ் பராமரிப்பைத் தானே செய்யும் மென்பொருள்) பாருங்கள்.

படி 4: கொன்று பார்த்தல்

பிவிசி 'பவுண்ட்' என்று காட்டுவதை நம்பி விட்டுவிடாதீர்கள். டேபிள் ஒன்று உருவாக்கி ஒரு வரி எழுதுங்கள். பிறகு 'கியூப்சிடிஎல் டிலீட் பாட் போஸ்ட்கிரெஸ்-0'. புதிய பாட் எழுந்ததும் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மவுண்ட் பாதையும் பிஜிடேட்டாவும் பொருந்தவில்லை. டேட்டா வட்டுக்குப் போகாமல் கண்டெய்னருக்குள்ளேயே போயிருக்கிறது. எந்தப் பிழையும் காட்டாமல் எல்லாம் சரியாக ஓடுவது போலவே தோன்றும் கோளாறு இது. இந்த ஒரு சோதனையில்தான் பிடிபடும்.

அடுத்து பாட் ஓடும் நோடை 'டிரெய்ன்' செய்யுங்கள், அதாவது அதிலுள்ள பாடுகளை வெளியேற்றுங்கள். பாட் வேறு நோடில் எழ வேண்டும், வட்டு பின்னாலேயே வர வேண்டும். 'வால்யூம் நோட் அஃபினிட்டி கான்ஃபிளிக்ட்' என்று ஈவென்ட் வந்தால், வட்டு இருக்கும் ஸோனில் வேறு நோடே இல்லை என்று பொருள். மூன்று ஸோன்களுக்கும் பொதுவாக ஒரே நோட் குரூப் வைத்து, நோடுகளைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கிளஸ்டர் ஆட்டோஸ்கேலரையும் ஓட்டினால் இது அடிக்கடி நடக்கும். புதிய நோடு எந்த ஸோனில் வரும் என்று சொல்ல முடியாது. வட்டுள்ள பாடுகளுக்காக ஸோனுக்கு ஒரு நோட் குரூப் என்று பிரித்து வையுங்கள்.

நோடு திடீரென்று உறைந்துபோனால் நிலைமை வேறு. ஸ்டேட்ஃபுல்செட்டின் பாட் 'டெர்மினேட்டிங்'கிலேயே நிற்கும், அடுத்த பாட் எழாது. இது பழுதல்ல. பழைய பாட் இன்னும் எங்கோ எழுதிக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் குபெர்னட்டீஸ் காக்கும் எச்சரிக்கை. முதலில் இசி2 இயந்திரம் உண்மையிலேயே நின்றுவிட்டதை உறுதிசெய்யுங்கள். பிறகு நோடில் 'அவுட்-ஆஃப்-சர்வீஸ்' டெயின்டை (நோடு பயனில் இல்லை என்று சொல்லும் குறி) போட்டால் பாட் விடுபடும், வட்டும் கழன்று அடுத்த நோடுக்குப் போகும். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் போடுவது டேட்டாவைப் பணயம் வைப்பது.

'மேக்ஸ் வால்யூம் கவுண்ட்' என்ற ஈவென்டும் சிலருக்கு வரும். ஒரு இயந்திரத்தோடு இணைக்கக்கூடிய வட்டுகளுக்கு வரம்பு உண்டு. நைட்ரோ எனப்படும் இசி2 இயந்திரங்களின் பல வகைகளில் மொத்தம் 28 இணைப்புகள், அதில் நெட்வொர்க் கார்டுகளும் பங்கு கேட்கும். சிறு சிறு வட்டுகளாக நிறைய வைத்திருப்பவர்கள் நோடுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

வட்டு நிறைந்தால்

'கியூப்சிடிஎல் எடிட்' கொண்டு பிவிசியில் அளவை 20-லிருந்து 40 ஆக்குங்கள். வால்யூமும் ஃபைல் சிஸ்டமும் பாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும். ஒரு வால்யூமை மாற்றிய உடனே மீண்டும் மாற்ற அமேசான் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 2 ஜிபி, 3 ஜிபி என்று கிள்ளிக் கிள்ளிக் கூட்டாமல் ஒரே முறை போதிய அளவு கூட்டுங்கள். ஸ்டேட்ஃபுல்செட்டின் டெம்ப்ளேட்டில் உள்ள அளவைத் திருத்த முடியாது. அதையும் ஒத்துவைக்க 'கேஸ்கேட்=ஆர்ஃபன்' என்ற தெரிவோடு ஸ்டேட்ஃபுல்செட்டை மட்டும் நீக்கி, புதிய அளவோடு மீண்டும் உருவாக்குங்கள். பாட் நிற்காது. நிறையும் முன் தெரிய, ஒவ்வொரு நோடிலும் ஓடும் கியூப்லெட் நிரல் வெளியிடும் வால்யூம் அளவீடுகளில் 80 விழுக்காட்டுக்கு ஓர் எச்சரிக்கை வையுங்கள். வட்டு முழுதும் நிறைந்தால் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும்.

வால்யூம் வேறு, பேக்கப் வேறு

வால்யூம் பாடின் மரணத்திலிருந்துதான் காக்கும். எந்த வரிகள் என்று சொல்லும் எஸ்க்யூஎல் 'வேர்' நிபந்தனை இல்லாமல் அடித்த ஒரு டிலீட் கட்டளையையும் அது அதே விசுவாசத்தோடு நிலையாகச் சேமித்து வைக்கும்.

முதல் பாதுகாப்பு ஸ்னாப்ஷாட், அதாவது வட்டின் ஒரு கண நிலையின் நகல். அதற்கு ஸ்னாப்ஷாட் கண்ட்ரோலரும் அதன் சிஆர்டிகளும் (குபெர்னட்டீஸில் புதிய வகைப் பதிவுகளைச் சேர்க்கும் வரையறைகள்) கிளஸ்டரில் இருக்க வேண்டும். பிறகு இபிஎஸ் டிரைவரைச் சுட்டும் வால்யூம்ஸ்னாப்ஷாட்கிளாஸ் ஒன்றை எழுதி, டிலீஷன்பாலிசியை ரிடெய்ன் ஆக்குங்கள். வால்யூம்ஸ்னாப்ஷாட் கோப்பில் மூலமாகப் பிவிசியின் பெயரைக் கொடுங்கள். 'ரெடிடுயூஸ்' ட்ரூ ஆனதும் தயார். முதல் ஸ்னாப்ஷாட் நேரமெடுக்கும், அடுத்தவை மாறிய பகுதிகளை மட்டும் சேமிக்கும். ஸ்னாப்ஷாட் ரீஜன் அளவில் இருப்பதால், 'ஏ' ஸோனின் வட்டை 'பி' ஸோனுக்குக் கொண்டுபோக நேர்வழியும் இதுவே. மீட்கும்போது புதிய பிவிசியில் டேட்டாசோர்ஸாக ஸ்னாப்ஷாட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும். அளவு பழையதற்குக் குறையக் கூடாது. மீட்ட வட்டில் ஒவ்வொரு பகுதியும் முதல் முறை படிக்கப்படும்போதுதான் பின்னணியிலிருந்து இறங்கும் என்பதால் தொடக்கத்தில் வேகம் குறையும்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட், மின்சாரம் போன கணத்தின் நிலைக்குச் சமம். மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் டபிள்யூஏஎல் லாகும் டேட்டாவும் ஒரே வட்டில் இருந்தால் போஸ்ட்கிரெஸ் அதிலிருந்து தானே எழுந்துவிடும். இரண்டையும் தனித்தனி வட்டில் வைத்து, வெவ்வேறு கணத்தில் ஸ்னாப்ஷாட் எடுத்தால் அந்த உறுதி போய்விடும். இரண்டாவது பாதுகாப்பாக, குறித்த நேரத்தில் ஓடும் கிரான்ஜாப் ஒன்றில் இரவுதோறும் 'பிஜி_டம்ப்' கட்டளையால் டேட்டாவின் நகல் எடுத்து, அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3-க்கு அனுப்புங்கள். வட்டிலேயே பழுதான பக்கம் இருந்தால் ஸ்னாப்ஷாட் அதையும் சேர்த்துத்தான் எடுக்கும். டம்ப் எடுக்கும்போது டேபிள்கள் முழுதும் படிக்கப்படுவதால் அது வெளியே தெரிய வாய்ப்புண்டு. மாதம் ஒரு முறையாவது டம்பைச் சோதனை நேம்ஸ்பேஸில் மீட்டுப் பாருங்கள்.

இபிஎஸ் பொருந்தாத இடம்

பயனர்கள் ஏற்றும் படங்களைப் பல நோடுகளில் உள்ள பல பாடுகள் ஒரே நேரத்தில் படித்து எழுத வேண்டுமென்றால் இபிஎஸ் உதவாது. அமேசானின் பகிர்வுக் கோப்புச் சேவையான இஎஃப்எஸ்ஸும் அதன் சிஎஸ்ஐ டிரைவரும் 'ரீட்ரைட்மெனி' முறையில் அதைத் தரும். அது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) என்பதால் நோடுகளிலிருந்து 2049 போர்ட் திறந்திருக்க வேண்டும். மறந்தால் பாட் 'கண்டெய்னர்கிரியேட்டிங்'கிலேயே நிற்கும். போஸ்ட்கிரெஸை இஎஃப்எஸ்ஸில் வைக்காதீர்கள், ஒவ்வொரு கமிட்டும் நெட்வொர்க் தாமதத்தில் சிக்கும்.

கலைக்கும்போது

ஸ்டேட்ஃபுல்செட்டை அழித்தாலும் பிவிசி நிற்கும். பிவிசியை அழித்தாலும், ரிடெய்ன் வைத்திருப்பதால், பிவி 'ரிலீஸ்டு' நிலையில் நிற்கும். அதே டேட்டாவை மீண்டும் பயன்படுத்த வேண்டுமென்றால் பிவியிலிருந்து 'கிளெய்ம்ரெஃப்' பகுதியை நீக்குங்கள், நிலை 'அவைலபிள்' ஆகும். பிறகு புதிய பிவிசியில் வால்யூம்நேம் வரியில் அந்தப் பிவியின் பெயரை எழுதுங்கள். பிவிசி டெர்மினேட்டிங்கில் தொங்கினால் ஏதோ ஒரு பாட் இன்னும் அதைப் பிடித்திருக்கிறது. அழிவதைத் தடுத்துவைக்கும் ஃபைனலைசர் குறியைக் கையால் பிடுங்காமல் அந்தப் பாடைத் தேடி நிறுத்துங்கள்.

டேட்டா இனித் தேவையே இல்லை என்றால் பிவியை அழிப்பது மட்டும் போதாது. வட்டு அமேசானில் அப்படியே இருக்கும், மாதாமாதம் பில்லும் வரும். கிளஸ்டரை முழுதாக நீக்கிய பிறகும் இதே கதைதான். இசி2 கன்சோலின் வால்யூம்ஸ் பக்கத்தில் 'அவைலபிள்' நிலையில் இருப்பவற்றை வடிகட்டிப் பாருங்கள். டிரைவர் ஒவ்வொரு வட்டிலும் பிவிசியின் பெயரையும் நேம்ஸ்பேஸையும் டேகாக எழுதியிருக்கும். டேகைப் படித்து எது யாருடையது என்று உறுதிசெய்து, கடைசியாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நீக்குங்கள்.